‘ரெஸ்ட்லெஸ்’ என்று பாராட்டாதீர்கள்

பணி ஓய்வு பெறும் ஒருவருக்கு ஆங்கிலத்தில் வாழ்த்து மடல் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ‘ஓய்வில்லாமல் உழைத்தவர்’ என்ற வரி முதலில் தமிழில்தான் மனதில் வரும். ஓய்வு என்றால் ரெஸ்ட், இல்லாமல் என்றால் லெஸ். கை தானாக ‘ரெஸ்ட்லெஸ்’ என்று எழுதிவிடும். படிப்பவருக்கோ, ‘ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் தவித்தவர்’ என்று அது போய்ச் சேரும். தூக்கம் வராமல் புரளும் இரவுக்கும், இருக்கையில் நெளியும் பிள்ளைக்கும், எந்த வேலையிலும் மனம் ஒட்டாதவருக்கும் உரிய சொல் அது. நாம் சொல்ல வந்தது ‘டயர்லெஸ்’. சளைக்காதவர், சோர்ந்து போகாதவர் என்று பொருள். நன்றி சொல்ல எழுதிய வரி குறை சொல்வதாக ஆகிவிடக் கூடாது என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

தமிழில் எறும்பும் சுறுசுறுப்பு, குழந்தையும் சுறுசுறுப்பு, எண்பது வயதுப் பாட்டியும் சுறுசுறுப்பு. எல்லோருக்கும் ‘ஆக்டிவ்’ என்று போட்டால் தவறில்லை, ஆனால் சப்பென்று இருக்கும். ஆங்கிலத்தில் ஆளுக்கேற்பச் சொல் மாறும். பாட்டிக்கு ‘ஸ்ப்ரை’ அழகாகப் பொருந்தும். அது வயதானவர்களுக்கான சொல், இருபது வயதுக்காரருக்கு ஒட்டாது. எறும்பைப் போல உழைப்பவர் ‘இண்டஸ்ட்ரியஸ்’. கடைசி எழுத்துகள் மாறி ‘இண்டஸ்ட்ரியல்’ ஆகிவிட்டால் ஆள் போய்த் தொழிற்சாலை வந்துவிடும்.

துறுதுறுவென்றிருக்கும் குழந்தையை ‘ஹைப்பர்ஆக்டிவ்’ என்று செல்லமாகச் சொல்கிறோம். தயவுசெய்து வேண்டாம். அது மருத்துவத்திலும் புழங்கும் சொல், கவனம் நிலைக்காமை, அளவுக்கு மீறிய துறுதுறுப்பு ஆகியவற்றைக் கொண்ட ஏடிஎச்டி என்ற மருத்துவ நிலையின் பெயரில் உள்ள ‘எச்’ அதைத்தான் குறிக்கிறது. ஓடியாடும் பிள்ளைக்கு ‘லைவ்லி’ போதும். ஆனால் ‘லி’ என்று முடிவதால் அதை வினையடை என்று நினைத்துவிடாதீர்கள், அது பெயரடை. ‘ஷி டான்ஸ்டு லைவ்லி’ என்று எழுதாமல் ‘இன் எ லைவ்லி வே’ என்று எழுதுங்கள்.

‘ஆக்டிவ்லி’ வினையடைதான், சரி. ஆனால் அதற்குச் ‘சுறுசுறுப்பாக’ என்பது பொதுவாகப் பொருந்தாது. வேலையை ‘ஆக்டிவ்லி’ தேடுகிறார் என்றால் முனைந்து தேடுகிறார், கிடைக்கும்போது கிடைக்கட்டும் என்று சும்மா இருக்கவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் ‘பிரிஸ்க்’. நடையைச் சொன்னால் விறுவிறு நடை, வியாபாரத்தைச் சொன்னால் நல்ல விற்பனை. ஒருவர் பேசும் விதத்தைச் சொன்னாலோ, குழைவில்லாமல் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறார் என்ற சாயலும் வரலாம்.

‘பிஸி’யோடு ‘பாடி’ சேர்ந்த ‘பிஸிபாடி’யைப் பார்த்து, ஓயாமல் வேலை செய்பவர் என்று நினைக்கத் தோன்றும். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பவரைத்தான் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள்.