மனப்பாடம் செய்யாமல் தனிம அட்டவணையின் போக்குகளைக் கண்டுபிடிப்பது எப்படி?

வலப்பக்கம் போனால் அணு ஆரம் குறையும், கீழே போனால் கூடும், அயனியாக்கும் ஆற்றலுக்கு (அணுவிலிருந்து எலக்ட்ரானை எடுக்கத் தேவையான ஆற்றல்) அப்படியே நேர்மாறு. இதை அம்புக்குறி போட்டு மனப்பாடம் செய்தால், எந்த அம்பு எந்தப் பக்கம் என்பதுதான் தேர்வு அறையில் முதலில் மறக்கும். அம்புகள் தேவையே இல்லை. ஒரே ஒரு கேள்வி போதும்: வெளிக்கூட்டில் இருக்கும் எலக்ட்ரானை அணுக்கரு எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது?

ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: மூன்றாம் வரிசையை எழுதுங்கள்

சோடியம், மெக்னீசியம், அலுமினியம், சிலிக்கான், பாஸ்பரஸ், கந்தகம், குளோரின், ஆர்கான். ஒவ்வொன்றின் கீழும் அணு எண்: 11 முதல் 18 வரை. அணு எண் என்பது புரோட்டான்களின் எண்ணிக்கை.

ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் 1869இல் அட்டவணை போட்டபோது அணு எடையைத்தான் அடிப்படையாக வைத்தார். எடைப்படி அடுக்கினால் பொட்டாசியம் (39.1) ஆர்கானுக்கு (39.95) முன்னால் வந்துவிடும்! வரிசையைத் தீர்மானிப்பது எடை அல்ல, அணுக்கருவின் மின்சுமைதான் என்பதை 1913இல் ஆங்கிலேய இயற்பியலாளர் மோஸ்லியின் எக்ஸ் கதிர் சோதனைகள் காட்டின. நம் கணக்கும் அந்த மின்சுமையிலிருந்துதான் தொடங்குகிறது.

படி 2: ஒவ்வொரு எண்ணிலிருந்தும் 10ஐக் கழியுங்கள்

இந்த எட்டுத் தனிமங்களுக்கும் உள்கூடுகளில் 2 + 8 = 10 எலக்ட்ரான்கள் உண்டு. அவை அணுக்கருவுக்கும் வெளி எலக்ட்ரானுக்கும் நடுவே திரைபோல நின்று ஈர்ப்பை மறைக்கின்றன. இதுதான் திரைமறைப்பு விளைவு. கழித்தால் சோடியத்துக்கு 1, மெக்னீசியத்துக்கு 2, குளோரினுக்கு 7, ஆர்கானுக்கு 8 வரும். ஒரே கூட்டில் இருக்கும் எலக்ட்ரான்களும் ஒன்றையொன்று கொஞ்சம் மறைப்பதால் இது தோராயக் கணக்குதான். ஆனால் போக்கைப் பிடிக்க இது தாராளமாகப் போதும்.

படி 3: அணுவின் அளவை ஊகியுங்கள்

வலப்பக்கம் போகப் போக ஈர்ப்பு கூடுகிறது. புதிய கூடு எதுவும் சேர்வதில்லை. அப்படியானால் அணு சுருங்கத்தானே வேண்டும்? சோடியம் 186 பிக்கோமீட்டர், மெக்னீசியம் 160, அலுமினியம் 143, குளோரின் 99. எலக்ட்ரான்கள் கூடக் கூட அணு பெரிதாகும் என்றுதான் பலர் முதலில் நினைப்பார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

படி 4: இப்போது மேலிருந்து கீழே

லித்தியம், சோடியம், பொட்டாசியம் மூன்றுக்கும் அதே கழித்தலைச் செய்யுங்கள்: 3 − 2, 11 − 10, 19 − 18. மூன்றுக்கும் விடை 1. நம் கணக்கில் ஈர்ப்பு மாறவில்லை, தூரம்தான் மாறுகிறது. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கூடு சேர்வதால் ஆரம் 152, 186, 227 என்று ஏறுகிறது. தூரம் கூடினால் பிடி தளரும், பிடி தளர்ந்தால் வினை வேகமெடுக்கும். தண்ணீரில் போட்டால் லித்தியம் நுரைத்துக்கொண்டு மிதக்கும், சோடியம் உருகி உருண்டையாக ஓடும், பொட்டாசியம் ஊதா நிறச் சுடரோடு எரியும். (இதைக் காணொளியில் மட்டும் பாருங்கள், வீட்டில் வேண்டாம்.)

படி 5: அயனியாக்கும் ஆற்றலுக்கு வரைபடம் போடுங்கள்

வெளி எலக்ட்ரான் ஒன்றைப் பிய்த்தெடுக்கத் தேவையான ஆற்றல் இது. சோடியம் முதல் ஆர்கான் வரை, மோலுக்கு இத்தனை கிலோஜூல்: 496, 738, 578, 786, 1012, 1000, 1251, 1521. புள்ளி வைத்துக் கோடு இழுங்கள்.

கோடு ஏறுகிறது, ஆனால் இரண்டு இடத்தில் சறுக்குகிறது. இவற்றை 'விதிவிலக்கு' என்று சொல்லிக் கடந்துபோவதில் எனக்கு உடன்பாடு இல்லை. நம் கேள்வியையே மறுபடி கேளுங்கள்.

கூட்டுக்குள் எலக்ட்ரான்கள் இருக்கும் பகுதிகளை ஆர்பிட்டால் என்பார்கள்; முதலில் எஸ் நிரம்பும், பிறகு பி. அலுமினியத்தில் வெளியேறுவது பி ஆர்பிட்டாலில் இருக்கும் எலக்ட்ரான். அது எஸ் ஆர்பிட்டாலை விட உயர்ந்த ஆற்றல் மட்டத்தில் இருக்கிறது. நிரம்பிய எஸ் எலக்ட்ரான்கள் அதைக் கொஞ்சம் மறைக்கவும் செய்கின்றன. அதனால் பிடி தளர்வு.

கந்தகத்தின் கதை வேறு. பாஸ்பரஸில் மூன்று பி ஆர்பிட்டால்களிலும் ஆளுக்கொரு எலக்ட்ரான் தனித்தனியாக இருக்கிறது. கந்தகத்தின் நான்காவது எலக்ட்ரானுக்குத் தனி இடம் இல்லை, இணை சேர்ந்துதான் ஆகவேண்டும். இணையான இரண்டும் ஒன்றையொன்று விலக்குவதால் ஒன்றைப் பிரிப்பது எளிதாகிறது.

சரி, இந்த விளக்கம் உண்மை என்றால் மேல் வரிசையிலும் இதே இடங்களில் சறுக்கல் வரவேண்டும் அல்லவா? பெரிலியம் 899, போரான் 801. நைட்ரஜன் 1402, ஆக்சிஜன் 1314. வருகிறது!

படி 6: எலக்ட்ரான் கவர்தன்மை

பிணைப்பில் இருக்கும் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் திறன். பாலிங் அளவுகோலில் சோடியம் 0.93, குளோரின் 3.16. வலப்பக்கமும் மேலேயும் கூடும் என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள். உச்சத்தில் ஃப்ளூரின், 3.98.

படி 7: பயிற்சி

சோடியத்தின் இரண்டாவது எலக்ட்ரானை எடுக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும்? முதல் எலக்ட்ரான் போனதும் வெளிக்கூடாக நிற்பது இரண்டாம் கூடு. இப்போது மறைப்பவை 2 மட்டுமே: 11 − 2 = 9. தூரமும் குறைந்துவிட்டது. உண்மையான மதிப்பு 4562, முதலாவதைப் போல ஒன்பது மடங்குக்கும் மேல். சமையல் உப்பில் சோடியம் ஒற்றை நேர்மின்சுமையோடு நின்றுவிடுவதற்குக் காரணம் இதுதான்.

மெக்னீசியத்துக்கு அந்தப் பெரிய தாவல் எத்தனையாவது எலக்ட்ரானில் வரும்? முதலில் காரணத்தோடு எழுதிவிட்டு, அப்புறம் இந்த எண்களோடு சரிபாருங்கள்: 738, 1451, 7733.