பொட்டலம் கட்டினால் நீங்களும் கம்பெனிதான்: சின்னக் கடைக்காரருக்கு விலைச்சீட்டுக் குறிப்புகள்

தக்கலைப் பக்கம் எங்கள் பலசரக்குக் கடையில் பாதி வியாபாரம் நாங்களே கட்டி வைக்கிற சரக்குதான். ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ், அண்டிப்பருப்பு (முந்திரிப்பருப்பு), நல்லமிளகு, கருப்பட்டி. "பாக்கெட்டுல என்னதான் எழுதணும் அக்கா?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், முக்கியமாக வீட்டில் முந்திரிக்கொத்துப் பலகாரம் செய்து விற்கிற பெண்கள். அவர்களிடம் வாயால் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. வாங்குகிறவர் எதிரே நிற்கும்போது மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுத்தால் அது சில்லறை. லேபிள் வேண்டாம், தராசு சரியாக இருந்தால் போதும். அதே நல்லமிளகை, ஆள் வராத மத்தியானத்தில் 100 கிராம் 100 கிராமாகக் கட்டி அடுக்கி வைத்தால் அது பொட்டலப் பொருள். 2009-ம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டமும் 2011-ம் ஆண்டு பொட்டலப் பொருட்கள் விதிகளும் அந்த நிமிடமே உங்கள் கடைக்குள் வந்துவிடும். பெரிய பிஸ்கட் கம்பெனிக்கு என்ன விதியோ அதேதான் உங்களுக்கும். பொட்டலம் போடுகிறவர் என்று பதிவும் செய்ய வேண்டும். கட்டத் தொடங்கி 90 நாளுக்குள் விண்ணப்பம் போடணும். நம் மாநிலத்தில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. நாகர்கோவிலில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.

இனி லேபிள். எங்கள் 200 கிராம் சிப்ஸ் பாக்கெட்டையே எடுத்துக்கொள்கிறேன். பொருளின் பெயர், கட்டியவர் பெயரும் முழு முகவரியும், நிகர எடை, தயாரித்த மாதம், வருடம், எம்ஆர்பி (அதிகபட்ச சில்லறை விலை), ஒரு கிராமுக்கு என்ன விலை, குறை சொல்ல ஒரு போன் நம்பர், மெயில். இத்தனையும் இருக்கணும். தின்கிற சாமான் என்பதால் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண், சேர்மானங்கள், கெடு தேதி, சைவம் என்று காட்டுகிற பச்சைப் புள்ளி எல்லாம் இதுபோகத் தனியாக வேண்டும்.

எம்ஆர்பி என்று வெறும் 90 ரூபாய் போட்டு நிறுத்தக் கூடாது. 'எல்லா வரிகளும் உட்பட' என்ற வாசகம் வேண்டும். வரி தனி என்று பில்லில் ஏற்றுகிற வேலைக்கே இடமில்லை. நிகர எடை என்றால் கவர் கனம் போக உள்ளே இருக்கிற சரக்கு மட்டும். 'சுமார் 200 கிராம்', 'குறைந்தது 200 கிராம்' என்றெல்லாம் எழுதக் கூடாது. கிராமுக்கு ஆங்கிலத்தில் 'ஜி' என்ற ஒற்றை எழுத்துதான். 'ஜிஎம்எஸ்' என்று அச்சடித்துக் கொடுக்கிற பிரஸ்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள், புரூஃப் பார்க்கும்போதே அடித்துவிடுங்கள். இன்னொன்று, தமிழில் மட்டும் லேபிள் போட்டால் செல்லாது. இங்கிலீஷிலோ இந்தியிலோ இருந்தாக வேண்டும், கூடவே தமிழும் போட்டுக்கொள்ளலாம். எனக்கு இது பிடிக்கவில்லை. கடைக்கு வருகிற பாட்டிமாரில் எத்தனை பேர் இங்கிலீஷ் படிப்பார்கள்? அதனால் விலையையும் எடையையும் தமிழில்தான் பெரிதாகப் போடுகிறோம்.

நிறையப் பேர் தடுமாறுவது அந்த 'ஒரு கிராமுக்கு விலை'யில்தான். கணக்கு லேசு. ஒரு கிலோவுக்குக் குறைவான பாக்கெட் என்றால் கிராமுக்கு, மேலே போனால் கிலோவுக்கு. 200 கிராம் 90 ரூபாய் என்றால் கிராமுக்கு ₹0.45. 150 கிராம் 65 ரூபாய் என்றால் 0.4333 வரும், இரண்டு புள்ளியோடு நிறுத்தி ₹0.43. சரியாக ஒரு கிலோ பாக்கெட்டில் எம்ஆர்பியும் கிலோ விலையும் ஒன்றே என்பதால் தனியாக வேண்டாம். இதைப் போட ஆரம்பித்தபிறகு ஆட்கள் இரண்டு பாக்கெட்டையும் கையில் வைத்துக்கொண்டு, "சின்னதுதானே லாபம், பெரிசு எதுக்கு?" என்று கேட்கிறார்கள். பெரிய பாக்கெட்டில் கிராம் விலை கூடுதலாக இருந்தால் அதற்கு நம்மிடம் பதில் இருக்காது. விலை போடும்போதே இந்தக் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது.

தேங்காயெண்ணெய் விற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாட்டிலில் லிட்டர் கணக்குப் போட்டால் பக்கத்திலேயே எடையும் போடுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ வராது, 910 கிராமை ஒட்டித்தான் வரும். நம் ஊரில் "ஒரு கிலோ எண்ணெ தாங்க" என்று கேட்டு, லிட்டர் பாட்டிலை வாங்கிப் போகிறவர்கள்தான் அதிகம். 500 மில்லி பாட்டிலையும் 500 கிராம் பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிராம் பாட்டிலில் ஏறக்குறைய 50 மில்லி கூடுதல். இரண்டையும் ஒரே விலைக்கு வைத்தால் நஷ்டம் யாருக்கென்று சொல்ல வேண்டியதில்லை.

கம்பெனிச் சரக்குக்கு வருவோம். எம்ஆர்பி என்பது உச்ச விலை. குறைத்து விற்க யாரும் தடை சொல்லவில்லை. கூட்டி விற்கக் கூடாது, அழிக்கக் கூடாது, மை தடவக் கூடாது. ஸ்டிக்கர் ஒட்டலாம், ஆனால் விலையைக் குறைப்பதற்கு மட்டும். அதுவும் பழைய விலை தெரிகிற மாதிரி பக்கத்தில். 2025 செப்டம்பர் 22-ல் சோப்பு, ஷாம்பு, பிஸ்கட்டுக்கெல்லாம் ஜிஎஸ்டி 5 சதவீதத்துக்கு இறங்கியபோது இந்த ஸ்டிக்கர் சங்கதி எல்லாக் கடைக்கும் பழகிவிட்டது. விலை ஏறும்போதுதான் சிக்கல். புதுச் சரக்கில் 40 ரூபாய், அலமாரியில் கிடக்கிற பழசில் 38 என்றால், பழசை 38-க்குத்தான் கொடுக்கணும். இரண்டையும் ஒரே தட்டில் கலந்து வைக்காதீர்கள். பழசு தீர்ந்தபிறகு புதுசை எடுத்து வையுங்கள்.

குளிர்பானத்துக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் 'கூலிங்' என்று இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் வாங்குகிற பழக்கம் சபரிமலை சீசனில் கன்னியாகுமரியில் இன்னும் கண்ணில் படுகிறது. கடையில் விற்கும்போது அது தப்புதான். பிரிட்ஜ் கரண்ட் செலவு நம்முடையது. "ஓட்டல்ல மட்டும் கூட வாங்கறானே?" என்பார்கள். உட்கார வைத்துப் பரிமாறுகிற ஓட்டல் எம்ஆர்பிக்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. கவுண்டரில் பாட்டிலை எடுத்து நீட்டுகிற நமக்கு அது பொருந்தாது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஒரு போன் அடிக்க இப்போது யாரும் யோசிப்பதில்லை.

தராசு: எலெக்ட்ரானிக் தராசை வருடா வருடம் சோதித்து அரசு முத்திரை வாங்கணும். சான்றிதழைக் கல்லாவுக்குப் பின்னால் செருகி வைக்காமல், வருகிறவர் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டுங்கள்.

கடைசியாக, இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸப்பிலும் முந்திரிக்கொத்து விற்கிற தங்கச்சிமாருக்கு. 'விலைக்கு இன்பாக்ஸ்' என்று போடாதீர்கள். இணையத்தில் விற்கும் பொருளுக்கும் எம்ஆர்பி, நிகர எடை, கட்டியவர் முகவரி எல்லாம் வாங்குவதற்கு முன்பே திரையில் தெரிய வேண்டும் என்பது 2018 ஜனவரியிலிருந்து இருக்கிற விதி. தயாரித்த மாதம், வருடத்துக்கு மட்டும் அங்கே விலக்கு உண்டு. அனுப்புகிற டப்பாவில் அதுவும் இருக்கணும். லேபிளை ஒரு போட்டோ எடுத்து பதிவின் இரண்டாவது படமாகப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் வளைந்த டப்பாவில் ஒட்டிய பிறகு எடுக்காதீர்கள், எழுத்து பாதி மறைந்துவிடும். ஒட்டுவதற்கு முன் மேசையில் பரப்பி வைத்து எடுங்கள்.