ஷட்டர் பீடிங் கிளம்பினால் முதலில் போட்டோ, அப்புறம்தான் மற்றதெல்லாம்

புதுக் கார் எடுத்து ஏழாவது மாதம். மத்தியானம் மட்டக்களப்பில் இருந்து கொழும்புக்குப் போகிறோம். வெலிக்கந்தை கிட்ட றோட்டு நேராக வந்ததும் கொஞ்சம் மிதித்தேன், இடது பின்கதவுப் பக்கம் ஒரு விசில் சத்தம். அறுபது தாண்டினால் தொடங்குகிறது, குறைத்தால் நிற்கிறது. பின்னால் இருந்த மச்சான் ஷட்டர், அதாவது கதவுக் கண்ணாடி, சரியாக ஏறவில்லை போல என்று இரண்டு தரம் ஏற்றி இறக்கிப் பார்த்தான், மாற்றமே இல்லை. மன்னம்பிட்டியில் தேத்தண்ணிக்கு நிறுத்தி இறங்கிப் பார்த்தால், கண்ணாடியின் அடியில் ஓடுகிற நிக்கல் பட்டியின், அதுதான் பீடிங், பின் நுனி கதவை விட்டுக் கிளம்பி நிற்கிறது. இரண்டு ஐந்து ரூபாய்க் குற்றியை அடுக்கி உள்ளே விடலாம், அவ்வளவு இடைவெளி.

"ஒரு சொட்டு சூப்பர் க்ளூ போட்டா அலுவல் முடிஞ்சுது மச்சான்" என்றான். தேத்தண்ணிக் கடையிலேயே அது அட்டையில் தொங்கிக்கொண்டும் இருந்தது. போடவில்லை. போட்டிருந்தால் உத்தரவாதம் என்று வாயைத் திறக்கவே முடியாமல் போயிருக்கும்.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்த பிறகு எங்கள் பக்கத்திலும் புது வாகனங்கள் வரத் தொடங்கிவிட்டன. கல்முனை, காத்தான்குடி, அக்கரைப்பற்று என்று எங்கு பார்த்தாலும் யாராவது ஒருவர் சீற்றில் பொலித்தீன் கழற்றாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறார். அதில் கனபேருக்கு வாரண்டியோடு வாகனம் எடுப்பது இதுதான் முதல் தரம். இஞ்சின், கியர்பொக்ஸ் என்றால் வாகனத்தை விற்ற கொம்பனி ஏஜென்டிடம் போக வேண்டும் என்று தெரியும். பீடிங் என்றால் பக்கத்துக் கராஜ் பாஸிடம் கொடுத்து ஒட்டிவிடுகிறோம், பிழை அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் கிளம்பியது எது என்று பாருங்கள். கண்ணாடியின் அடியில், கதவின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஓடுவது ஷட்டர் பீடிங். அநேகமான கார்களில் இது உள்ளே இருக்கும் கிளிப்களால் பிடித்திருக்கும், கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு சிறிய ஸ்க்ரூவும் இருக்கலாம். கதவுச் சட்டத்தைச் சுற்றி ஓடும் கறுப்பு அல்லது நிக்கல் பட்டி வேறு, அது கிளிப்பிலும் இருக்கும், இரட்டைப் பக்க டேப்பிலும் இருக்கும். முன் கண்ணாடியின் இரு பக்கமும் மேலிருந்து கீழே வருவது இன்னொன்று, அதற்கு அடுத்தாற்போல் கண்ணாடியைப் பிடித்திருக்கும் பசை இருப்பதால் அந்த இடத்தில் கத்தி, ஸ்க்ரூட்ரைவர் எதையும் விடவே வேண்டாம்.

அழகுக்கான பட்டிதானே, பறந்தால் பறக்கட்டும் என்று இருப்பவர்களுக்கு ஒன்று. ஃபோர்ட் கொம்பனி 2024 ஜனவரியில் அமெரிக்காவில் 2011 முதல் 2019 வரையான எக்ஸ்புளோரர் வாகனங்கள் 18 இலட்சத்துக்கு மேல் திரும்ப அழைத்தது, முன் கண்ணாடியின் பக்கப் பட்டி கிளிப்பில் சரியாக மாட்டாமல் ஓட்டத்தில் கழன்று விழலாம் என்பதற்காக. டெஸ்லா 2025 மார்ச்சில் 46,000 சைபர்ட்ரக்கை அழைத்ததும் கண்ணாடிக்கு மேலே கூரையோரம் ஓடும் பட்டியின் பசை விட்டதற்குத்தான். கல்முனை றோட்டில் நமக்குப் பின்னால் எப்போதும் ஒரு மோட்டார் சைக்கிள் வரும். அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பரிசோதனை. கதவை மூடிவிட்டு, பெருவிரலால் பீடிங்கை ஒரு முனையில் இருந்து மறு முனை வரை ஒரு சாண் இடைவெளியில் அழுத்திக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் கல் மாதிரி இருக்கும். கிளிப் விட்ட இடத்தில் உள்ளே போய்த் திரும்ப வரும், சில நேரம் 'டிக்' என்று சத்தமும் கேட்கும். அதே வேலையை மற்றப் பக்கக் கதவிலும் செய்து பாருங்கள், ஏனென்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அசைந்தால் அது அந்த மொடலின் இயல்பாகவே இருக்கலாம், ஒரு பக்கம் மட்டும் என்றால்தான் குறை. நுனியை நகத்தால் நெம்பிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். உலோகப் பட்டி ஒரு தரம் மடங்கினால் எத்தனை பேர் நிமிர்த்தினாலும் அந்த மடிப்பு போகாது, பிறகு முழுப் பீடிங்கும் மாற்ற வேண்டிவரும்.

எங்கள் வெயிலில் இன்னொரு கூத்து உண்டு. கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் மேற்குப் பார்த்து நிறுத்திய காரின் பீடிங்கைப் பின்னேரம் தொட முடியாது. ஒரு மீற்றர் நீள அலுமினியப் பட்டி 40 பாகை கூடுதலாகச் சூடேறினால் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீற்றர் நீளும், கதவின் இரும்பு அதில் பாதி அளவுதான் நீளும், பிளாஸ்டிக் என்றால் இரண்டு மூன்று மில்லிமீற்றர்கூட நீளும். நீளுவதற்கு இடமில்லாமல் போகும்போது பட்டி எங்காவது வில்லாக வளைந்து வெளியே தள்ளும், கிளிப் ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் அந்த இடத்தில்தான் முதலில் தள்ளும். விடிந்து குளிர்ந்ததும் பாதி உள்ளே போய்விடும். நீங்கள் காலை எட்டரைக்கு ஏஜென்டின் வாசலில் நிற்பீர்கள், அவர் தட்டிப் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லையே" என்பார். ஆகவே போட்டோவை மதியம் இரண்டு மணிக்கு எடுங்கள், அடுத்த நாள் காலையிலும் அதே கோணத்தில் ஒன்று எடுங்கள். முடிந்தால் நேரத்தையும் மதியத்துக்குப் பிறகு கேளுங்கள்.

போட்டோ எடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. தூரத்தில் இருந்து வாகன இலக்கம் தெரிய ஒன்று, கதவு முழுவதும் தெரிய ஒன்று, பிறகு கிட்டத்தில் இடைவெளிக்குப் பக்கத்தில் ஒரு அடிமட்டமோ குற்றியோ வைத்து ஒன்று. கிலோமீற்றர் காட்டும் மீட்டரையும் எடுங்கள். காற்றுச் சத்தத்துக்குப் பக்கத்தில் இருப்பவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், ஓட்டுகிறவர் எடுக்க வேண்டாம். ஒரு கையால் அந்த இடத்தை அழுத்தி அசைவது தெரிய ஐந்து விநாடி வீடியோ எடுத்தால் அது பத்துப் போட்டோவுக்குச் சமம்.

மாரி காலமாக இருந்தால் தண்ணீர் கதவுக்குள் போகிறதே என்று பயம் வரும். கொஞ்சம் தண்ணீர் கதவுக்குள் போவது எல்லாக் காரிலும் நடப்பதுதான், அது வெளியேற கதவின் அடியில் சிறு ஓட்டைகள் வைத்திருப்பார்கள். எங்கள் பக்கத்து மணல் அந்த ஓட்டையை அடைத்துவிடும், அதுதான் வில்லங்கம். கதவைத் திறந்து அடி விளிம்பைப் பாருங்கள், அடைத்திருந்தால் ஈர்க்குக் குச்சியால் மெதுவாக எடுத்துவிடுங்கள். கதவை ஆட்டும்போது உள்ளே தண்ணீர் சலசலத்தால், அல்லது கால்மிதி ஈரமாக இருந்தால், அதையும் முறைப்பாட்டில் எழுத வேண்டும், ஏனென்றால் அப்போது விஷயம் பீடிங்கோடு நிற்காமல் ஷட்டர் மோட்டார், ஸ்பீக்கர் வரை போகிறது.

ஏஜென்ட் பார்க்கும் வரை பட்டி பறக்காமல் இருக்க, பெயின்ட் அடிக்கிறவர்கள் பாவிக்கும் மாஸ்கிங் டேப் போதும். இடத்தைத் துணியால் துடைத்துக் காயவிட்டு, பாதி பட்டியிலும் பாதி கதவிலும் பிடிக்கிற மாதிரி ஒட்டுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தரம் கழற்றிப் புதிதாக ஒட்டுங்கள், இல்லாவிட்டால் வெயிலில் அதன் பசை பெயின்டிலேயே காய்ந்துவிடும். பிரவுண் பார்சல் டேப், வயருக்குச் சுற்றுகிற கறுப்பு டேப் இரண்டும் இந்த வெயிலுக்குக் கோந்தாகிவிடும். சூப்பர் க்ளூ வேண்டாம் என்று சொன்னேன், அது றப்பரைச் சுற்றி வெள்ளைப் படலமாகப் பூக்கும், பெயின்டில் பட்டால் போகாது. வினாகிரி மணக்கிற சிலிக்கோனும் வேண்டாம், அது இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். கிறீஸும் தேங்காய் எண்ணெயும் றப்பருக்குப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். பட்டி முழுவதுமாகக் கையோடு வந்துவிட்டால், உடைந்த கிளிப் துண்டு ஒன்றுகூட விடாமல் ஒரு சொப்பிங் பேக்கில் போட்டு வையுங்கள், பட்டியை நெளியாமல் பின் சீற்றில் படுக்கவையுங்கள்.

இப்போது வாரண்டிப் புத்தகம். விற்கும்போது மூன்று வருடம் அல்லது 100,000 கிலோமீற்றர் என்றோ ஐந்து வருடம் என்றோ சொல்லியிருப்பார்கள், அது எல்லாச் சாமானுக்கும் ஒரே மாதிரிப் பொருந்தும் என்றில்லை. பீடிங், றப்பர், நிக்கல் சாமான்கள், சத்தம் சரிபார்க்கும் வேலைகள் ஆகியவற்றுக்குச் சில கொம்பனிகள் இதைவிடக் குறைந்த காலம்தான் கொடுக்கும், அது பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். விதிவிலக்குப் பகுதியையும் வாசியுங்கள், விபத்து, உப்புக் காற்று, வெளியார் செய்த வேலை என்று ஒரு வரிசை நிற்கும். கல்லடியிலும் திருக்கோவிலிலும் கடற்கரையோரம் இருக்கிறவர்களிடம் "உப்புக் காற்று" என்ற காரணம் கட்டாயம் வரும். உப்பு நிக்கலில் புள்ளி விழுத்தும், துருவேற்றும், ஏழு மாதத்தில் பிளாஸ்டிக் கிளிப்பை உடைக்காது. அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

தொலைபேசியில் சொன்னால் காற்றோடு போய்விடும். ஈமெயிலிலோ வட்ஸ்அப்பிலோ எழுதுங்கள், நீளமாகவும் வேண்டாம், கோபமாகவும் வேண்டாம். நான் அனுப்பியது இதுதான்:

"வாகன இலக்கம், சேசிஸ் இலக்கம், வாங்கிய திகதி மேலே உள்ளன. தற்போது 8,640 கி.மீ. இடது பின்கதவின் வெளி ஷட்டர் பீடிங் பின் நுனியில் இருந்து சுமார் 12 சென்ரிமீற்றர் நீளத்துக்குக் கிளம்பியுள்ளது. மதியம் 4 மி.மீ., காலையில் 1 மி.மீ. இடைவெளி. 60 கி.மீ. வேகத்துக்கு மேல் காற்றுச் சத்தம். விபத்தோ பெயின்ட் வேலையோ நடக்கவில்லை. படங்களும் வீடியோவும் இணைத்துள்ளேன். உத்தரவாதத்தின் கீழ் பரிசோதிக்கத் திகதி ஒன்று தரவும்."

கூடவே, இந்த சேசிஸ் இலக்கத்துக்குத் திரும்ப அழைப்பு ஏதும் இருக்கிறதா என்று ஒரு வரி கேளுங்கள். இந்தக் குறைக்கென்றே இருந்தால் வேலை அநேகமாக இலவசம், வாதமே தேவைப்படாது.

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ உங்கள் ஏஜென்டுக்குக் கிளை இல்லை என்றால் ஒரு பீடிங்குக்காக 300 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டியதில்லை. அடுத்த சேர்விஸோடு பார்க்கலாமா, சாமானை முன்கூட்டியே வரவழைத்து வைப்பார்களா என்று எழுத்தில் கேட்டு வையுங்கள், நீங்கள் முறையிட்ட நாள் பதிவாகிவிடும், காலம் முடிந்தாலும் அந்த நாள் உங்களுக்காகப் பேசும். உண்மையைச் சொன்னால், கிளிப் ஒன்றுதான் உடைந்திருக்கிறது என்றால் பெற்றோல் காசைவிடக் கிளிப் மலிவு. ஊரிலேயே போட ஏஜென்டிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

வேர்க்ஷொப்பில் சாவியைக் கொடுக்கும் முன், செய்ய வேண்டிய வேலையை எழுதுகிற ஜொப்கார்டை வாசியுங்கள். 'பீடிங் செக்' என்று மட்டும் எழுதினால் போதாது, எந்தக் கதவு, என்ன குறை, வாடிக்கையாளர் சொன்ன சத்தம் எல்லாம் வர வேண்டும். கழற்றும்போது பக்கத்தில் நிற்க முடியுமா என்று கேளுங்கள். நான் நின்றேன். நின்றது நல்லதாகவும் போயிற்று, கெட்டதாகவும் போயிற்று. பையன் ஸ்க்ரூவைக் கழற்றிப் பட்டியை மேலே தூக்கியதும், றப்பர் உதட்டின் உட்பக்கம் நகம் அளவில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு ஒட்டியிருந்தது. டின்ட் பேப்பர். கார் எடுத்த இரண்டாம் கிழமையே ஊரில் டின்ட் ஒட்டியிருந்தேன், அதை ஈமெயிலில் எழுதவும் மறந்துவிட்டேன். ஒட்டியவர் பேப்பரைக் கண்ணாடியின் அடிவரை இறக்க பீடிங்கை நெம்பியிருக்கிறார், கடைசி இரண்டு கிளிப்பின் காது உடைந்திருந்தது. சேர்விஸ் அட்வைசர் ஒன்றும் பேசாமல் அந்தத் துண்டை என் உள்ளங்கையில் வைத்தார். காசு கட்டினேன். உங்களுக்குச் சொல்வது, டின்ட், ஸ்பீக்கர், மழைத் தடுப்பு என்று கதவில் என்ன வேலை செய்திருந்தாலும் முதலிலேயே எழுதிவிடுங்கள், அவர்களாகக் கண்டுபிடித்தால் மற்ற உண்மைகளுக்கும் மதிப்புப் போய்விடும்.

உங்கள் பக்கம் பிழை இல்லாமலேயே மறுத்தால், எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அதோடு தலைமை அலுவலகத்துக்குப் போங்கள். அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது, இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில், கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்துவராத விற்பனை பற்றியும் முறையிடலாம் என்று இருக்கிறது. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், காலவரையும் உண்டு, ஆகவே ஏஜென்ட் இன்று நாளை என்று இழுக்கும்போது நீங்களும் சேர்ந்து இழுக்க வேண்டாம்.

கார் சேலில் ஜப்பான் வாகனம் எடுத்தவர்களுக்குக் கதை வேறு. அங்கே கொடுக்கும் வாரண்டி அநேகமாக இஞ்சின், கியர்பொக்ஸ், ஹைப்ரிட் பற்றரியோடு நின்றுவிடும். பீடிங்கைச் சேசிஸ் இலக்கம் சொல்லிக் கொழும்பு பஞ்சிகாவத்தை வாகனச் சாமான் கடைகளிலோ ஜப்பானில் இருந்தோ எடுப்பிக்க வேண்டியதுதான். இடது வலது என்பது சீற்றில் இருந்து முன்னே பார்க்கும்போது வருகிற கணக்கு, வெளியே நின்று பார்த்துச் சொல்லி மாறி வந்தால் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

வேலை முடிந்து வாகனத்தை எடுக்கும்போது பெருவிரல் பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள், ஷட்டரை நாலைந்து தரம் ஏற்றி இறக்கிக் கண்ணாடியில் கீறல் விழுகிறதா பாருங்கள், ஓர ஸ்க்ரூ இருக்கிறதா என்றும் பாருங்கள், அதை மேசையிலேயே விட்டுவிடுகிற வழக்கம் இருக்கிறது. பழைய கிளிப்பையே திரும்பப் போட்டார்களா என்று கேளுங்கள். இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டியிருந்தால் அது முழுப் பிடி பிடிக்க ஒன்றிரண்டு நாள் எடுக்கும், அதுவரை பொடி வோஷுக்குக் கொடுக்க வேண்டாம். கொடுக்கிற நாளிலும் பிரஷர் கன்னை ஒரு முழத்துக்குக் கிட்டக் கொண்டுவராதீர்கள், கீழிருந்து மேலே பட்டியின் அடியில் அடிக்காதீர்கள் என்று பையனிடம் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள்.