பழைய ஃபியட்டுக்கு பெயிண்ட் அடிக்கும் முன், அது பிறந்த நிறத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

பழைய ஃபியட் ஒன்று கைக்கு வந்ததும் எல்லாரும் செய்யும் முதல் தப்பு, கலர் கார்டை விரித்துக்கொண்டு உட்காருவது. மனைவி ஒரு நிறம் சொல்வார், மச்சான் "சிவப்பு அடிங்க மாமா, தகதகன்னு இருக்கும்" என்பார், பெயிண்டர் தன்னிடம் மிச்சமிருக்கும் டின்னைத் தள்ளிவிடப் பார்ப்பார். கொஞ்சம் பொறுங்கள். கம்பெனியிலிருந்து என்ன நிறத்தில் வந்தது என்று முதலில் பாருங்கள். அதற்கப்புறம் அந்த நிறம் வேண்டாம் என்றாலும் தெரிந்தே வேண்டாம் என்றதாக இருக்கும்.

இதை வீட்டு ஆட்களிடம் கேட்டுப் பயனில்லை. எங்கள் பெரியப்பாவின் 1974 வண்டி பிறந்ததிலிருந்தே வெள்ளை என்று அத்தனை பேரும் சத்தியம் செய்தார்கள். பின் சீட்டைத் தூக்கினால் அடியில் வெளிர் பச்சை, ஊறவைத்த பாசிப்பயறு மாதிரி. பெரியம்மாவிடம் சொன்னேன், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "ஆமாடா, கல்யாணத்துக்கு வந்தப்ப பச்சைதான்" என்றார். ஆர்.சி. புக்கையும் முழுசாக நம்ப வேண்டாம், நடுவில் யாராவது மாற்றி எழுதியிருப்பார்கள்.

தேட வேண்டியது வெயிலும் ஸ்ப்ரே கன்னும் எட்டாத இடங்களில். பின் சீட்டுக்கு அடியில், டிக்கி மேட்டுக்குக் கீழே, கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினால் அதற்குப் பின்னால், டாஷ்போர்டின் அடிப்பக்கத்தில், பின் விளக்கின் ரப்பருக்கு அடியில். நிறத்தை மாற்றி அடிப்பவர்கள் வெளியே பளபளவென்று முடித்துவிட்டு இங்கெல்லாம் கைவைக்காமல் விட்டுவிடுவார்கள், அந்தச் சோம்பேறித்தனம்தான் நமக்கு உதவி.

அங்கேயும் பல பூச்சு இருந்தால் சுரண்டிப் பார்க்க வேண்டும், ஆனால் கத்தியால் அல்ல. 400 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாகத் தேயுங்கள், நடுவில் தகரம் தெரிந்ததும் நிறுத்துங்கள். அப்புறம் 1000, 1500 என்று ஓரத்தைச் சரிவாக இழைத்துக்கொண்டே வந்தால், வெட்டிய மரத்தின் வளையம் மாதிரி ஒவ்வொரு பூச்சும் தனித்தனியாகத் தெரியும். நடுவில் தகரம், அதைச் சுற்றி ப்ரைமர், அதற்கடுத்த வளையம்தான் அது பிறந்த நிறம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதனால் காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். ஒரே இடத்தை நம்பி முடிவுக்கும் வராதீர்கள், ஏனென்றால் அந்தக் கதவையே வேறு வண்டியிலிருந்து மாட்டியிருக்கலாம். மூன்று இடமாவது ஒத்துப்போக வேண்டும். கூரையில் மஞ்சளும் உடம்பில் கறுப்பும் வந்தால் உங்கள் வண்டி ஒரு காலத்தில் பம்பாயில் டாக்சியாக ஓடியிருக்க வாய்ப்பு அதிகம். சிலர் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள், நானாக இருந்தால் அதையே திரும்ப அடித்துவிடுவேன்.

நிறம் கிடைத்ததும் அந்த இடத்தை ரப்பிங் காம்பவுண்ட் போட்டு லேசாகத் தேய்த்து, மேலே படிந்த மங்கலை எடுத்துவிட்டுத்தான் கடையில் காட்ட வேண்டும். பானட்டிலிருந்து மாதிரி எடுக்கவே கூடாது, ஐம்பது வருட வெயில் அதை வேறு நிறமாக்கியிருக்கும், சிவப்பு என்றால் சொல்லவே வேண்டாம்.

இப்போது பெயிண்டின் வகை. நம் ஊர் பட்டறையில் கார் பெயிண்டுக்கே 'டூக்கோ' என்றுதான் பெயர், அது 1920-களில் டூபாண்ட் கம்பெனி கொண்டுவந்த சீக்கிரம் காயும் பெயிண்டின் பிராண்டு. அதற்கு முன்னால் நல்ல நிறம் வேண்டுமென்றால் காய்வதற்கே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஃபோர்டு மாடல் டி 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே வந்தது, சிக்கனமும் வேகமும்தான் காரணமாகச் சொல்லப்படும். அதற்கு முந்தைய மாடல் டி-யில் சிவப்பு, பச்சையெல்லாம் உண்டு. பழைய கார் என்றாலே கறுப்பு என்று அடம்பிடிப்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

அன்றைய என்.சி. பெயிண்டே, அதாவது டூக்கோ வகை நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டே, வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் உண்டு. அடிக்கடி பாலிஷ் போடப் பொறுமை இருந்தால் சரி. எனக்கு இல்லை, அதனால் பி.யு.-வில் (பாலியூரித்தேன் பெயிண்டில்) சாலிட் நிறமாக, மேலே கிளியர் கோட் எனும் நிறமில்லாத பூச்சு இல்லாமல் அடித்தேன். கிளியர் கோட் போட்டால் எப்போதும் தண்ணீரில் நனைந்த மாதிரி மினுங்கும், பழைய வண்டிக்கு அது பொருந்தவே பொருந்தாது. மெட்டாலிக் பக்கம் தலைவைத்தே படுக்காதீர்கள். பழைய பெயிண்ட் இருக்கும்போதே அதன் மேல் என்.சி. அடித்தால் தின்னர் பட்டு அடிப்பூச்சு சுருங்கித் தோல் உரிந்த மாதிரி கிளம்பலாம், முதலில் மறைவான ஒரு மூலையில் அடித்துப் பாருங்கள்.

முழு வண்டிக்கும் போகும் முன் ஒரு தகரத் துண்டில் அடித்துக் காயவிடுங்கள். காலை, உச்சிவெயில், சாயங்காலம் மூன்று நேரமும் வெளியே வைத்துப் பாருங்கள், பட்டறை டியூப்லைட்டில் சம்மதித்துவிடாதீர்கள். நான் சம்மதித்தேன். பாசிப்பயறு கேட்ட எனக்கு ஆஸ்பத்திரிச் சுவர்ப் பச்சை கிடைத்தது, பானட்டும் இரண்டு கதவும் திரும்ப அடிக்க வேண்டியதாயிற்று.

ஆர்.சி.யில் உள்ள நிறத்திலிருந்து மாறினால் ஆர்.டி.ஓ.வில் சொல்லிப் பதிந்துவிடுங்கள், பிறந்த நிறத்துக்கே திரும்பினாலும் இது பொருந்தும். 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வயது தாண்டி, மூல வடிவத்தில் இருக்கும் வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதியலாம், ஆனால் அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்ட முடியாது, யோசித்துச் செய்யுங்கள்.

கடைசியாக, கலக்கியதில் அரை லிட்டர் எடுத்து இறுக மூடி வையுங்கள், கலவைக் கணக்கை டின் மேலேயே எழுதுங்கள். டிக்கி மேட்டுக்கு அடியில் தேய்த்த அந்த வட்டத்தின் மேல் பெயிண்ட் அடிக்க வேண்டாம் என்று பெயிண்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் நல்ல மனதோடு அதையும் மூடிவிடுவார்.