ஓசூரில் முதல் வேலை: தனியாக வாழத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்கோட்டிலிருந்தோ பென்னாகரத்திலிருந்தோ படிப்பை முடித்து ஓசூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றி வீட்டில் எழும் கவலை பெரும்பாலும் சாப்பாட்டையும் சகவாசத்தையும் பற்றியதாகவே இருக்கிறது. வேளைக்குக் களி கிண்டித் தர ஆளில்லையே என்று அம்மா வருந்துவதும், கெட்ட பழக்கம் ஏதும் ஒட்டிக்கொள்ளுமோ என்று அப்பா அஞ்சுவதும் இயல்புதான். ஆனால், முதல் ஓரிரு ஆண்டுகளில் இளைஞர்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் படிக்காமல் கையெழுத்திட்ட தாள்களிலும், கேட்டு வாங்காமல் விட்ட தாள்களிலுமே. ரேஷன் அட்டை முதல் கல்லூரிக் கட்டண ரசீது வரை அதுவரை அப்பாவே பீரோவில் பத்திரப்படுத்தி வந்ததால், அது தன் வேலை என்ற நினைப்பே பலருக்கு வருவதில்லை.

சிப்காட்டில் ஒரு பெரிய கம்பெனியின் வாசலுக்குள் நுழைந்துவிட்டால் அந்தக் கம்பெனியின் ஊழியர் ஆகிவிட்டோம் என்று நினைப்பதே முதலில் நேரும் பிழை. கம்பெனி ரோலில், அதாவது கம்பெனியின் நேரடி ஊழியராக, எடுத்திருக்கிறார்களா, காண்ட்ராக்டர் வழியாகவா, அல்லது அப்ரண்டிஸாகவா என்பதைச் சேரும் நாளிலேயே எழுத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளர் அல்லர், அவருக்கு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்தமும் இல்லை, பயிற்சி முடிந்தபின் வேலை தந்தாக வேண்டிய கட்டாயமும் பொதுவாகக் கம்பெனிக்கு இல்லை. இது தெரிந்து சேர்வதில் தவறில்லை. தெரியாமல் சேர்ந்து, நிரந்தர வேலை என்று வீட்டில் சொல்லி, அந்த நம்பிக்கையில் தவணைக்கு வண்டி எடுப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. இன்னொன்று, சரிபார்ப்பதற்காகக் காட்டிய அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டுவிட்டு வரக் கூடாது. நகலைக் கொடுத்துவிட்டு அசலை அன்றே கையோடு வாங்கி வந்துவிட வேண்டும்.

சம்பளச் சீட்டைத் திறந்துகூடப் பார்க்காதவர்கள் மிகப் பலர். உதாரணமாக, மொத்தச் சம்பளம் 16,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். 12 விழுக்காடு என்ற கணக்கில் 1,440 ரூபாயும், ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு 0.75 விழுக்காடு என்ற கணக்கில் 120 ரூபாயும், கேன்டீனுக்கும் பஸ்ஸுக்குமாக 900 ரூபாயும் போனால் கைக்கு வருவது 13,540 ரூபாய். வீட்டில் சொன்ன தொகைக்கும் இதற்கும் உள்ள இடைவெளியைக் கடன் வாங்கி நிரப்பப் பார்ப்பது பெருந்தவறு. அதைவிடச் சம்பளச் சீட்டையே அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவது எவ்வளவோ மேல். பிடித்த பணம் உண்மையில் கட்டப்படுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பி.எஃப். உறுப்பினருக்கு 12 இலக்க யு.ஏ.என். எண் ஒன்று உண்டு. அதைக் கொண்டு அரசின் உமாங் செயலியில் மாதந்தோறும் வரவைப் பார்க்கலாம். அடுத்த வேலைக்குப் போகும்போதும் அதே எண்ணையே கொடுக்க வேண்டும். ஓய்வூதியத் தகுதிக்கு வேண்டிய பத்தாண்டுச் சேவை அப்போதுதான் விட்டுப்போகாமல் சேரும். ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தும் தனியார் மருத்துவமனையில் கைப்பணத்தைக் கொட்டுவோரை இங்கு நிறையவே பார்க்கலாம். அதே அட்டையில் தம்மைச் சார்ந்திருக்கும் பெற்றோரையும் வருமான வரம்புக்கு உட்பட்டுச் சேர்க்கலாம் என்பதை அறியாதவர்கள் அவர்களைவிட அதிகம்.

வாடகை வீட்டு விஷயத்தில், நான்கு பேர் சேர்ந்து தங்கும் வீட்டுக்கு ஒருவர் மட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது வழக்கமாகிவிட்டது. மற்ற மூவரும் வேலை மாறிப் போய்விட்டால் வாடகைப் பாக்கியும், கரண்ட் பில்லும், சுவரில் அடித்த ஆணிக்கான கணக்கும் கையெழுத்திட்டவர் தலையில்தான் விழும். தமிழ்நாட்டில் 2017இல் இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாத வரை, அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது. அத்திப்பள்ளியைத் தாண்டி பொம்மசந்திரா பக்கம் வீடு எடுத்தால் அது கர்நாடகம், அங்கே இந்தச் சட்டம் செல்லாது. எங்கே எடுத்தாலும், குடிபோகும் நாளில் மீட்டர் ரீடிங்கையும் சுவர்களையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவைப்பது நல்லது.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது ஜாமீன் கையெழுத்து. உடன் தங்கியிருப்பவர் வண்டிக் கடனுக்கோ, சீட்டு எடுப்பதற்கோ, "மச்சான், சும்மா ஒரு கையெழுத்துதான், நானே கட்டிடுவேன்" என்று கேட்கும்போது மறுப்பது கடினம். மறுத்தால் நட்பு கெடும் என்ற அச்சம் வேறு. ஆனால், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாவிட்டால், கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. அவரைத் துரத்திப் பிடித்து முடியாமல் போன பிறகுதான் நம்மிடம் வருவார்கள் என்பது பலரும் நம்பும் பொய். கடன் கொடுத்தவர் நேராக நம்மிடமே வரலாம். தவணை தவறினால் வங்கிகள் கடன் தரும் முன் பார்க்கும் நமது சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்தே இறங்கும். பின்னாளில் தங்கையின் படிப்புக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போதுதான் அது தெரியவரும். உதவியே ஆக வேண்டும் என்றால், திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய ஒரு தொகையைக் கையில் கொடுத்துவிட்டுக் கையெழுத்தை மறுப்பதே சரி என்பது என் கருத்து. வங்கிக் கணக்கையோ சிம் கார்டையோ கமிஷனுக்கு ஆசைப்பட்டுப் பிறருக்குத் தருவது இன்னும் மோசம். மோசடிப் பணம் அதன் வழியாகப் போனால் கணக்கு முடக்கப்படுவதோடு, போலீஸ் விசாரணையும் கணக்கு யார் பெயரில் உள்ளதோ அவரிடமிருந்தே தொடங்கும்.

கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவருவதும் இந்த வயதில் அதிகம் நடக்கும் பிழை. 20,000 ரூபாய் பாக்கிக்கு மாதம் 3.5 விழுக்காடு வட்டி என்றால் 700 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி. 126 ரூபாய், கட்டிய 1,000 ரூபாயில் அசலில் கழிவது 174 ரூபாய்தான். கடன் செயலிகளோ இதையும் மிஞ்சுபவை. கடன் தருபவர் யார் என்பதும், ஆண்டு வட்டி எவ்வளவு என்பதும் எழுத்தில் இல்லாத செயலியை, அதுவும் போனிலுள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் கேட்கும் செயலியை, அப்போதே நீக்கிவிட வேண்டும். பணம் ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

இத்தகைய கடன்களில் பலர் விழுவது வேலை போன மாதத்தில்தான். ஊரில் தலைகாட்ட வெட்கப்பட்டு, வேலை இருப்பதாகவே வீட்டில் சொல்லிக்கொண்டு, கைமாற்றிலும் செயலிக் கடனிலும் ரூமில் காலம் தள்ளுவார்கள். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், தருமபுரிக்கு அதற்கு மேல் இன்னும் ஒரு மணி நேரம். வாடகையை விட்டுவிட்டு இரண்டு மாதம் வீட்டிலிருந்தபடியே அடுத்த வேலை தேடுவதில் எந்த இழுக்கும் இல்லை. கிளம்பும் முன் ரிலீவிங் லெட்டரையும் கடைசிச் சம்பளச் சீட்டையும் கேட்டு வாங்கிவிட வேண்டும். பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதியைக் கம்பெனி பதியாமல் விட்டால், கடைசியாகப் பணம் கட்டப்பட்ட மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து, உறுப்பினரே அதை இணையத்தில் பதிந்துகொள்ளலாம்.