ராம்நாடு மணலுக்கும் சேத்துக்கும் பழைய தார் ஜீப்ப ரெடி பண்றது எப்படி: 30,000 ரூபா பிளான்

முதல்லயே சொல்லிடுறேன், இது ஷோவுக்கு வண்டிய ஜோடிக்கிறவங்களுக்கு இல்ல. நம்ம ராமநாதபுரம் பக்கம் பனங்காடு, இறால் பண்ணை, உப்பளம்னு வேலை விஷயமா மணல்லயும் சேத்துலயும் போய்த்தான் ஆகணும், கையில காசு கம்மி, இப்பத்தான் ஒரு செகண்ட் ஹேண்ட் 4 வீல் டிரைவ் வாங்கிருக்கோம், அடுத்து என்ன பண்றதுன்னு முழிக்கிறவங்களுக்கு. என்கிட்ட இருக்குறது பழைய மாடல் மஹிந்திரா தார், சிஆர்டிஇ (காமன் ரெயில் டீசல்) இன்ஜின். (இனிமே தார்னு சொன்னா வண்டி, தார் ரோடுன்னா ரோடு, குழம்பிக்காதீங்க.) ஜிப்ஸி, பொலீரோ வச்சிருந்தாலும் வரிசை இதே தான்.

நான் பண்ண கூத்தையும் கேட்டுக்கங்க. வண்டி வாங்குன மாசமே ஒரு கடைல போயி சஸ்பென்ஷன்ல 2 இன்ச் ஸ்பேசர்னு ஒரு கட்டைய போட்டு வண்டிய ஒசத்தி, மேல ஒரு நீட்டு எல்ஈடி லைட்டும் மாட்டி 17,000 காலி. அடுத்த வாரம் மச்சானோட இறால் பண்ணைக்கு ஐஸ் பெட்டி ஏத்திக்கிட்டு சாயல்குடிக்கு தெக்க செம்மணல்ல எறங்குனேன், 30 அடி போகல, பின் வீல் ரெண்டும் ஆக்சில் வரைக்கும் பொதைஞ்சிருச்சு. மச்சான் ஒரு வார்த்தை பேசல, ஐஸ் தான் உருகிக்கிட்டு இருந்துச்சு. டிராக்டர் வந்துச்சு, போட்ல கட்டுற பழைய கயித்த பம்பர்ல கட்டி இழுத்தாக, பம்பர் தனியா போச்சு வண்டி அங்கேயே நின்னுச்சு. அப்ப பனை ஏறுற ஒரு பெரியவர் பாத்துட்டு, "காத்த எறக்குங்கப்பு, வண்டி தானா போகும், எதுக்கு இம்புட்டு பாடு"ன்னாரு. எறக்குனேன், முன்னாடி இருந்த மணல கையால தள்ளிவிட்டோம், போயிருச்சு. 17,000க்கு நடக்காதது ஓசில நடந்துச்சு.

ஸ்டெப் 1: பேப்பர் எடுங்க

கடைக்கு போறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல மூணு விஷயம் எழுதுங்க: எங்க போவீங்க, எவ்வளவு லோடு, வருஷத்துல எத்தன தடவ. நம்ம மாவட்டத்துலயே தரை ஒரே மாதிரி இல்ல. மன்னார் வளைகுடா பக்கம், அதாவது ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர்னு போனா மணல். பாக் ஜலசந்தி பக்கம் தேவிபட்டினம், தொண்டின்னு போனா நெறைய எடத்துல சேறு. உள்ள முதுகுளத்தூர் பக்கம் கரிசல், ஐப்பசி கார்த்திகை மழைல டயர்ல ஒட்டி உருண்டை உருண்டையா வரும். எல்லாத்துக்கும் பொதுவா சீமைக்கருவேலம் முள்ளு. நான் எழுதுனதுல மணல் வருஷத்துக்கு 40 தடவ, சேறு ஒரு 6 தடவ, தண்ணி 2 தடவ. பாறை ஜீரோ. அப்ப யூடியூப்ல பாறை ஏறுறவன் மாட்டிருக்கறத பாத்து நான் எதுக்கு வாங்கணும், சொல்லுங்க.

ஸ்டெப் 2: இருக்குற வண்டி நல்லா இருக்கா

பட்ஜெட்ல பாதி இங்கதான் போகும், ஒண்ணும் புதுசா மாட்டுன மாதிரியே தெரியாது, வயிறு எரியும், பண்ணித்தான் ஆகணும். காலைல டார்ச் எடுத்துக்கிட்டு கீழ படுங்க. ஸ்க்ரூடிரைவர் பிடியால சேஸிஸ தட்டிக்கிட்டே போங்க, நல்ல எடத்துல டங்குனு கேக்கும், துரு தின்ன எடத்துல டொப்புனு அமுங்கும். நம்ம ஊரு உப்புக்காத்துல பத்து வயசு வண்டின்னா பின் பக்கம், பாடி மவுண்ட் கிட்ட கண்டிப்பா பாக்கணும். சேஸிஸ் போயிருந்தா வேற எதுக்கும் செலவு பண்ணாதீங்க, முதல்ல வெல்டிங்.

அடுத்து கிரவுன் ஆயில், அதாவது ஆக்சில் நடுவுல இருக்குற கியர் பெட்டியோட ஆயில். மெக்கானிக் அண்ணே என் வண்டில பின் கிரவுன் பிளக்க கழட்டுனதும் மொத ரெண்டு சொட்டு தண்ணி, அப்புறம் வந்தது ஆயிலா பால் டீயான்னே தெரியல, வெரல்ல தொட்டா வழவழப்பே இல்ல. தண்ணி எப்படி போச்சு? ஓடி சூடான கிரவுன் ஹவுசிங் தண்ணில எறங்குனதும் டக்குனு குளிரும், உள்ள இருக்குற காத்து சுருங்கி ப்ரீதர்னு சொல்ற காத்து போய்வர்ற ஓட்டை வழியாவும் ஆயில் சீல் வழியாவும் தண்ணிய உறிஞ்சிரும். இதுக்கு மருந்து ஒரு சின்ன ரப்பர் ஹோஸ் தான், ப்ரீதர்ல மாட்டி மேல தூக்கி பாடில கிளிப் போட்டு வாய கீழ பாத்து வளைச்சு விட்டுறணும். கிரவுன் ரெண்டு, கியர்பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ் (முன் வீலுக்கும் பின் வீலுக்கும் பவர பிரிச்சு விடுறது) நாலுக்கும் சேத்து எனக்கு 400 ரூபா. என் கணக்குல மொத்த லிஸ்ட்டுலயும் காசுக்கு அதிக பலன் குடுத்தது இது தான், ஆனா யாருக்கும் வெளிய தெரியாது.

அப்புறம் ப்ரொபல்லர் ஷாஃப்ட் கிராஸ் (ஷாஃப்டோட மூட்டு), சஸ்பென்ஷன் புஷ், வீல் பேரிங், கிளட்ச் எவ்வளவு மிச்சம்னு பாத்துக்கங்க. 4 வீல் லீவர போட்டு ஓட்டி பாருங்க, ஆனா மண் தரைல. இது பார்ட் டைம் 4 வீல், தார் ரோட்டுல போட்டு வளைச்சா முன் வீலும் பின் வீலும் வேற வேற தூரம் ஓடணும், நடுவுல அத ஈடு கட்ட எதுவும் இல்ல, எல்லாம் முறுக்கிக்கும். வருஷக்கணக்கா போடாத லீவர் இறுகி போயிருக்கும், அத மணல்ல மாட்டுன பிறகு கண்டுபிடிக்கிறது கொடுமை.

எனக்கு இந்த ஸ்டெப்ல ஹோஸ் தவிர 13,500 ஆச்சு.

ஸ்டெப் 3: காத்து

இது தான் அப்கிரேடு, மத்ததெல்லாம் துணை. ரோட்டுல 32 பிஎஸ்ஐ இருக்குற டயர் மணல்ல கத்தி மாதிரி எறங்கும். 18க்கு கொண்டாந்தா டயர் அமுங்கி தரைய தொடுற எடம் நீளமாகும், எடை பரவும், வண்டி மணல் மேல மெதக்கும். ரொம்ப மோசமான மணல்னா 15. 12க்கு கீழ வேணாம், வளைக்கும்போது டயர் ரிம்ம விட்டு கழண்டுரும், அப்புறம் நடுக்காட்டுல ஒக்காந்து அழணும்.

வாங்க வேண்டியது ஒரு நல்ல கேஜும் ஒரு 12 வோல்ட் கம்ப்ரஸரும், ரெண்டும் சேத்து எனக்கு 5,200. சிகரெட் லைட்டர்ல சொருகுற சின்ன பொம்மைய வாங்காதீங்க, பெரிய டயருக்கு திணறும், ஃபியூஸ் போகும். பேட்டரில நேரா கிளிப் மாட்டுற டைப் பாருங்க, இன்ஜின் ஓடிக்கிட்டு இருக்கும்போது அடிங்க. கம்ப்ரஸருக்கு இப்ப காசு இல்லன்னா பரவால்ல, கேஜ் மட்டும் வாங்கி, பக்கத்துல பங்க் இருக்குற எடத்துக்கு மட்டும் போங்க, எறக்குன காத்தோட 30, 40 கிலோமீட்டர் வேகத்துல உருட்டிக்கிட்டு பங்குக்கு வந்து அடிச்சுக்கலாம். கம்மி காத்துல தார் ரோட்டுல 80ல போனா டயர் சூடாகி சைடு கிழியும், அது ஒண்ணு மட்டும் பண்ணாதீங்க.

ஒரு ட்ரிக்: எறக்கும்போது வாய்விட்டு எண்ணுங்க. மொத டயர்ல எத்தன எண்ணுல 18 வருதுன்னு பாத்துட்டா மத்த மூணையும் அதே எண்ணுல விடலாம், கடைசியா கேஜ் வச்சு சரி பாத்தா போதும்.

மணல்ல எறங்குனா பிரேக்க மிதிக்காதீங்க, ஆக்சிலேட்டர விட்டு தானா நிக்க விடுங்க, மிதிச்சா டயர் முன்னாடி மணல் மேடு கட்டிக்கும். வீல் நின்ன எடத்துலயே சுத்த ஆரம்பிச்சா உடனே நிறுத்திட்டு வந்த தடத்துலயே ரிவர்ஸ். காலைல பனி ஈரத்துல மணல் கெட்டியா இருக்கும், கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல மத்தியானம் அதே எடம் மாவு மாதிரி ஆயிரும், அதனால வேலைய காலைல முடிச்சுக்கங்க. முன்னாடி தனுஷ்கோடிக்கு தார் ரோடு இல்லாத காலத்துல, 2017க்கு முன்னாடி, முகுந்தராயர் சத்திரத்துலேருந்து வேன்லயும் ஜீப்லயும் ஆள ஏத்திக்கிட்டு மணல்லயும் தண்ணிலயும் ஓட்டுனாங்கல்ல, அந்த டிரைவர் யாராவது உங்க ஊர்ல இருந்தா ஒரு டீ வாங்கி குடுத்து பேசுங்க, எந்த வீடியோவும் அதுக்கு ஈடாகாது.

ஸ்டெப் 4: மாட்டுனா வெளிய வர

மொதல்ல மம்பட்டி, சின்ன பிடி போட்டது, 350 ரூபா. பத்துல எட்டு தடவ டயர் முன்னாடி மணல வழிச்சு விட்டாலே வந்துரும். டயருக்கு கீழ போட நம்மாளுக பனை மட்டைய எடுத்து வைப்பாக, அதுல கருக்கு மட்டைய கவனிங்க, ரெண்டு ஓரமும் ரம்பம் மாதிரி பல்லு. காத்து எறக்குன டயரோட சைடு உப்பி இருக்கும், அந்த பல்லு பட்டா வகுந்துரும், எனக்கு ஒரு டயர்ல இன்னமும் அந்த கோடு இருக்கு. ஓலையா இருந்தா ஓகே, தென்னை மட்டை ஓகே, ரெண்டு சணல் சாக்கு வண்டிலயே கெடந்தா இன்னும் நல்லது.

கயிறு விஷயத்துல கஞ்சத்தனம் வேணாம், ஆள் உசுரு போற சமாச்சாரம். வெயில்ல காஞ்சு நூலு நூலா பிரிஞ்ச போட் கயிறு அறுந்தா சாட்டை மாதிரி திரும்பி வரும். நைலான் கைனெடிக் ரோப் ஒண்ணு, கயித்த வண்டில மாட்ட 4.75 டன் ரேட்டிங் அச்சடிச்ச ஷேக்கிள் (இரும்பு கொக்கி வளையம்) ரெண்டு, எனக்கு 5,800. அந்த நைலான் ரோப் இழுக்கும்போது ரப்பர் மாதிரி கொஞ்சம் நீண்டு வண்டிய உருவி எடுக்கும். பாலியஸ்டர் பட்டை நீளாது, அத மெதுவா இழுக்க மட்டும் வச்சுக்கங்க, ஓடி வந்து வெடுக்குனு இழுக்காதீங்க. கட்டுற எடம் சேஸிஸ்ல போல்ட் போட்ட ஹூக். பம்பர்ல கட்டாதீங்க, என் பம்பர் கதைய மேல படிச்சீங்கல்ல. கயித்து நடுவுல ஒரு ஈர சாக்க போடுங்க, அறுந்தாலும் கீழ விழும். வேடிக்கை பாக்குற சின்னப் பசங்கள கயித்து நீளத்துக்கு மேல தள்ளி நிப்பாட்டுங்க, நம்ம ஊர்ல வண்டி மாட்டுனா அஞ்சு நிமிஷத்துல திருவிழா கூட்டம் கூடிரும்.

இதோட கருவேல முள்ளுக்காக டியூப்லெஸ் பஞ்சர் கிட் 600. முள்ள உடனே புடுங்காதீங்க, அது அடைச்சுக்கிட்டு இருக்குற வரைக்கும் காத்து மெதுவாத்தான் போகும், பஞ்சர் கிட் எடுத்து கையில வச்சுக்கிட்டு அப்புறம் புடுங்குங்க.

கூட்டிப் பாருங்க, 13,500, 400, 5,200, 350, 5,800, 600, ஆக 25,850. மிச்சம் 4,150ல கை வைக்காதீங்க, அதுக்கு வேலை இருக்கு, கடைசில சொல்றேன்.

ஸ்டெப் 5: டயர், இப்ப இல்ல

இருக்குற டயர் தேயுற வரைக்கும் ஓட்டுங்க. தேஞ்சதும் ரோடு, மண்ணு ரெண்டுக்கும் ஆகுற ஆல் டெரெய்ன் டயர் எடுங்க. பெரிய பெரிய பட்டன் வச்ச மட் டெரெய்ன் பாக்க கெத்து தான், மணல்ல அது மம்பட்டி மாதிரி தோண்டி நம்மளயே பொதைக்கும், ரோட்டுல சத்தம் வேற.

சைஸ் கூட்டலாமான்னு கேப்பீங்க. கணக்கு போட்டு பாப்போம். என் டயர் 235/70 ஆர் 16, விட்டம் 735 மில்லிமீட்டர். ஆசைப்படுற 245/75 ஆர் 16, விட்டம் 774. வித்தியாசம் 39, ஆனா வண்டி ஒசருறது அதுல பாதி, 2 சென்டிமீட்டர் கூட இல்ல. பதிலுக்கு ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நெஜத்துல 63ல போவீங்க, கிளட்சுக்கு லோடு கூடும், திருப்பும்போது எங்க உரசும்னு பாக்கணும். எனக்கு வேணாம்னு விட்டுட்டேன்.

வாங்கக்கூடாதது

லிஃப்ட் கிட் (ஸ்பேசர் மாதிரி வண்டிய ஒசத்துறது): பின் ஆக்சிலுக்கு கீழ இருக்குற இடைவெளிய அது ஒரு மில்லிமீட்டர் கூட்டாது, பாடிய மட்டும் தூக்கும், செம்மணல் மேட்டுல குறுக்க போகும்போது கவுற வழி. நான் ஸ்பேசர கழட்டி வித்துட்டேன், பாதி வெல கூட வரல. சட்டமும் இருக்கு, மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் தயாரிப்பாளர் குடுத்த ஒரிஜினல் ஸ்பெசிபிகேஷனுக்கு மாறா வண்டிய மாத்த முடியாதுன்னு சொல்லிருச்சு. பம்பருக்கு முன்னாடி மாட்டுற இரும்பு கம்பி, அதான் புல் பார், வேணாம்னு 2017 டிசம்பர்லயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிருச்சு. ஆக்சிடென்ட் ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் மொதல்ல இதத்தான் கிளறுவான்.

லைட் பார்: ரோட்டுல எதுக்க வர்றவன் கண்ணு போகும். கரையோரத்துல இன்னொண்ணும் இருக்கு, தை மாசி பங்குனில பங்குனி ஆமை ராத்திரில கரையேறி முட்டை போடுற காலம், பொரிச்ச குஞ்சு வெளிச்சத்த பாத்து கடலுக்கு பதிலா கரைக்கு நடக்கும். வனத்துறை தனுஷ்கோடி பக்கம் முட்டைய எடுத்து பொரிப்பகத்துல வச்சு குஞ்ச கடல்ல விடுறாங்க, நம்ம டயர் ஏறி நசுங்குற முட்டைக்கு அந்த வாய்ப்பும் இல்ல. அதனால கடற்கரைல ஜாலிக்கு ஓட்டுறது, ரிசர்வ் ஃபாரஸ்ட், மணல் மேடு, தேசியப் பூங்கா எல்லைக்குள்ள நுழையுறது, எதுவும் வேணாம். நம்ம தெரிஞ்சவங்க பட்டா நெலத்துல, கேட்டுட்டு ஓட்டுங்க.

ஸ்டெப் 6: உப்பு

அந்த 4,150 இதுக்கு. கடலோரம், உப்பளம், இறால் பண்ணை போயிட்டு வந்தா அன்னிக்கே நல்ல தண்ணில அடிப்பக்கம் கழுவணும், மறுநா இல்ல. போர் தண்ணி உப்பா இருக்குற ஊர்ல அதுலயே கழுவுனா கழுவாத மாதிரி தான், வாட்டர் சர்வீஸ் ஸ்டேஷன்ல நல்ல தண்ணியான்னு கேட்டு விடுங்க. சேஸிஸ்ல இருக்குற தண்ணி வடியுற ஓட்டையெல்லாம் குச்சி விட்டு நோண்டுங்க, மணல் அடைச்சு உள்ளயே ஊறி அழுகும். கழுவுன உடனே நிப்பாட்டாம ரெண்டு கிலோமீட்டர் ஓட்டி பிரேக்க காய விடுங்க. கிரீஸ் நிப்பிள் எல்லாத்துலயும் கிரீஸ் அடிங்க, ஒயர் கனெக்டர்ல ஈரம் பூராம இருக்க டைஎலெக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம். பழைய இன்ஜின் ஆயில அடில பூசுற பழக்கம் நம்ம பக்கம் இருக்கு, ரப்பர் புஷ் எல்லாம் உப்பி போகும், மண்ணும் நாசம். காசு குடுத்து அண்டர்பாடி கோட்டிங் அடிங்க, ஆனா துருவ சுரண்டி காய வச்சிட்டு, இல்லன்னா துருவ உள்ள வச்சு பூட்டுன மாதிரி ஆயிரும்.

என் வண்டி இப்ப இப்படித்தான் ஓடுது, பாக்க ஒண்ணும் மாறல, முன் பம்பர் கூட பழசத்தான் நிமித்தி மாட்டிருக்கேன். மச்சான் இப்ப ஐஸ் ஏத்த தயங்குறதில்ல. டயர் பட்டன் இன்னும் 5 மில்லிமீட்டர் இருக்கு, அடுத்த செலவு அது தேஞ்ச பிறகு தான்.