விண்டோஸா, மேக்கா, லினக்ஸா? ஒரு காகிதத்தில் தொடங்குங்கள்

எந்த இயங்குதளம் நல்லது என்று யார் கேட்டாலும், தினமும் திறக்கும் மென்பொருள்கள், பிரிண்டர், ஸ்கேனர் எல்லாவற்றையும் முதலில் ஒரு காகிதத்தில் எழுதச் சொல்வேன். அலுவலகக் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. அதிலும் ஹோம் பதிப்பு வேண்டாம், ப்ரோ வாங்குங்கள். டொமைனில், அதாவது அலுவலகக் கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் வலையமைப்பில், இணைப்பதும், வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் அந்தக் கணினிக்குள் நுழைவதும் ஹோமில் கிடையாது.

வீட்டில் பிரவுசர், மெயில், வீடியோ அவ்வளவுதானா? லினக்ஸ் தாராளமாகப் போதும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் இல்லாத பழைய கணினியை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. அதைத் தூக்கிப் போடும் முன் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற லினக்ஸ் வகை ஒன்றைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை பூட் செய்து (துவக்கி) பாருங்கள். இப்போதைக்கு இன்ஸ்டால் பக்கம் மட்டும் போகாதீர்கள். வைஃபை பிடிக்கிறதா? ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா? லேப்டாப்பை மூடித் திறந்தால் விழிக்கிறதா? அப்புறம் ஒரு பக்கம் பிரிண்ட் எடுங்கள். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பென்டிரைவில் ஓடும்போது கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும், அதை வைத்து எடைபோட வேண்டாம்.

மேக்ஓஎஸ் வேண்டுமென்றால் ஆப்பிள் கணினியே வாங்க வேண்டும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு வசதி, சரி. ஆனால் ஆப்பிள் சிப் உள்ள மேக்கில் ராம் நினைவகத்தைப் பிறகு கூட்ட முடியாது. வாங்கும்போதே தாராளமாக எடுங்கள்.

எதற்கு மாறினாலும் முதலில் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, இரண்டு மூன்றை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள்.